இருபதாம் பக்கத்துப் புறாக்கள்: டார்வினின் முதற்பதிப்பும் பாறசாலை எல்லைத் தமிழும்

அரிய நூல்களை வாங்கி விற்போர் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ முதற்பதிப்பைக் கையிலெடுத்தால் 20ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். அப்பக்கத்தின் 11ஆம் வரியில் ‘ஸ்பீஷீஸ்’ என்னும் சொல்லில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாக அச்சாகியிருக்கும். படி உண்மையான முதற்பதிப்புதானா என்று அறிய அந்தப் பிழை ஓர் அடையாளம். 1859 நவம்பர் 24 அன்று லண்டனில் ஜான் மர்ரே வெளியிட்ட இந்நூல் 1,250 படிகள் அச்சிடப்பட்டது; ஆசிரியருக்கும் மதிப்புரையாளர்களுக்கும் பதிவுக்கும் ஒதுக்கியவை போக 1,192 படிகளே விற்பனைக்கு எஞ்சின. விலை 15 ஷில்லிங். பச்சைத் துணி அட்டை, 502 பக்கங்களில் நூற்பகுதி, ஒரே ஒரு வரைபடம். இன்று அதன் விலை நம் போன்ற ஆய்வு உதவித்தொகைக்காரர்கள் பேசத் தக்கதன்று.

என் கவனம் அப்பிழையில் இல்லை. அதே பக்கத்தில், சில வரிகள் கீழே, வேறொன்று இருக்கிறது. வீட்டுப்புறாக்களைத் தம் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லும் டார்வின், உலகின் பல பகுதிகளிலிருந்து தமக்குப் பறவைத் தோல்களை அனுப்பியோருள் இருவரைப் பெயர் சுட்டி நன்றி சொல்கிறார். ஒருவர் பாரசீகத்திலிருந்து அனுப்பிய சி. மர்ரே. மற்றவர் இந்தியாவிலிருந்து அனுப்பிய டபிள்யூ. எலியட். இந்த எலியட், சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த வால்டர் எலியட் (1803–1887). அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்து சென்னைக்குக் கொணர்ந்தவர், தென்னிந்திய நாணயங்களைப் பற்றி நூல் எழுதியவர். 1856இன் தொடக்கத்தில் டார்வின் அவருக்குக் கடிதம் எழுதி, இந்தியாவில் வளர்க்கப்படும் புறா, கோழி முதலியவற்றின் தோல்களைக் கேட்டார். எலியட் அனுப்பினார். தோல்களோடு நில்லாமல், 1770இல் மறைந்த சையத் முகம்மது முசாரி பாரசீகத்தில் எழுதிய புறா நூலின் மொழிபெயர்ப்பையும் பின்னர் அனுப்பிவைத்தார். டார்வின் 1868இல் வெளியிட்ட வளர்ப்புயிர்களைப் பற்றிய பெருநூலில் அதனைக் குறிப்பிட்டு நன்றி தெரிவிக்கிறார்.

படிமலர்ச்சிக் கொள்கையின் வரலாற்றைப் பேசும்போது நாம் கலாபகசுத் தீவுகளுக்குப் போய்விடுகிறோம். முதல் அதிகாரமோ புறாக்கூண்டில் நிற்கிறது. அக்கூண்டில் சென்னையிலிருந்து போன தோல்களும் இருக்கின்றன. இது இந்தியப் பெருமை பேசுவதற்கான செய்தியன்று. எலியட் பேரரசின் அதிகாரி. தோல்கள் சென்ற வழியும் பேரரசின் கப்பல் வழியே. ஆனால் இதே மனிதர் நம் துறையின் வரலாற்றிலும் ஓர் இடத்தில் நிற்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

1816இல், ஏ. டி. கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கு ஒரு குறிப்பு எழுதினார் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னையின் ஆட்சியர், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை உருவாக்கியவர், நாம் ‘எல்லீசன்’ என்று அழைப்பவர். தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகியவற்றின் வினையடிகளை வரிசையாக வைத்து, இவை சமற்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்று அவர் காட்டினார். டார்வினின் நூலுக்கு 43 ஆண்டுகளுக்கு முன், கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகளுக்கு முன். 1819இல் இராமநாதபுரத்தில் எல்லிஸ் இறந்தார். அவர் மதுரையில் விட்டுச்சென்ற தாள்கள் ஆட்சியர் வீட்டுச் சமையல்காரருக்கு அடுப்பெரிக்கவும் கோழி வாட்டவும் மாதக்கணக்கில் பயன்பட்டன என்று எழுதிவைத்திருப்பவர் நம் வால்டர் எலியட்டே. ஏடுகள் கரையானுக்கும் ஆடிப்பெருக்கு வெள்ளத்துக்கும் போன கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை. வெள்ளைக்காரர் வீட்டு அடுப்பும் அப்பட்டியலில் சேர்கிறது, அவ்வளவே. எஞ்சிய தாள்களைத் தேடிச் சேர்த்த எலியட் அவற்றை ஜி. யு. போப்பிடம் ஒப்படைத்தார், போப் வழியாக அவை ஆக்சுபோர்டின் போட்லியன் நூலகத்தை அடைந்தன. தாமஸ் டிரவுட்மன் 2006இல் எல்லிசைப் பற்றி எழுதிய நூலுக்குப் பின் அத்தாள்களின் மதிப்பு நமக்கு விளங்கிற்று.

ஒரே கை டார்வினுக்குப் புறாத்தோலையும் நமக்கு எல்லிசின் தாள்களையும் காத்துத் தந்தது தற்செயல்தான். ஆனால் புறாவுக்கும் மொழிக்கும் இடையே டார்வினே ஒரு பாலம் கட்டியிருக்கிறார். முதற்பதிப்பில் மூன்று இடங்களை மொழியியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன்.

ஒன்று 422ஆம் பக்கம். மனித குலத்தின் முழுமையான கால்வழிப் பட்டியல் நமக்குக் கிடைத்தால், உலக மொழிகளை வகைப்படுத்துவதற்கும் அதுவே சிறந்த வழியாகும் என்கிறார். இரண்டு, 455ஆம் பக்கம். பயனிழந்து எஞ்சி நிற்கும் உறுப்புகளை, ஒலிப்பில் மறைந்து எழுத்தில் மட்டும் நிற்கும் எழுத்துகளுக்கு ஒப்பிடுகிறார். பயனற்றவை என்றாலும் சொல்லின் பிறப்பைத் தேட அவை துணையாகும். நம் பக்கத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. இன்றைய மலையாள வினைமுற்று திணை பால் காட்டும் விகுதியை இழந்துவிட்டது. அவன் வந்தாலும் அவள் வந்தாலும் ‘வந்நு’தான். எழுத்தச்சனின் கிளிப்பாட்டில் ‘ஆன்’ விகுதி பெற்ற வினைகள் இன்னும் நிற்கின்றன. பேச்சில் உதிர்ந்த உறுப்பைச் செய்யுள் பாதுகாத்து வைத்திருக்கிறது.

மூன்றாவது 40ஆம் பக்கத்தில் வருகிறது. எனக்கு மிக முக்கியமானது அதுவே. ஒரு வளர்ப்பினத்துக்கு, ஒரு மொழியின் கிளைவழக்கைப் போலவே, திட்டவட்டமான தோற்றம் இன்னதென்று சொல்ல முடியாது என்று டார்வின் போகிறபோக்கில் எழுதுகிறார். யாரோ ஒருவர் சிறிது மாறுபட்ட ஒரு பறவையைப் பேணுகிறார், அயலார் அதனைக் கொண்டுபோகிறார்கள், மெல்லப் பரவுகிறது, பெயர் வைக்கத் தோன்றும்போது அது எங்கே தொடங்கிற்று என்பது எவருக்கும் நினைவிருப்பதில்லை.

இனி அந்த ஒற்றை வரைபடம். 116, 117ஆம் பக்கங்களுக்கு இடையே மடித்து ஒட்டப்பட்ட தாள். கீழிருந்து கோடுகள் கிளைத்து மேலெழுகின்றன. பல இடையிலேயே நின்றுபோகின்றன. சில தலைமுறை தலைமுறையாக உயர்கின்றன. பிரிந்த இரு கிளைகள் மீண்டும் ஒன்றாவது அப்படத்தில் எங்கும் இல்லை. ஜெர்மன் மொழியியலறிஞர் ஆகஸ்ட் ஷ்லைக்கர் இதற்கு முன்பே, 1853இல், மொழிகளுக்கு மரம் வரைந்திருந்தார். நண்பர் ஹெக்கலின் வற்புறுத்தலால் டார்வினை ஜெர்மன் பெயர்ப்பில் படித்தவர், 1863இல் ஒரு திறந்த மடல் வெளியிட்டு, இதனை மொழியியலார் முன்பே அறிவோம் என்ற தொனியில் எழுதினார். அவருடைய மாணவர் ஜொகான்னஸ் ஷ்மிட் 1872இல் ஆசிரியரின் மரத்தை வெட்டினார்: மொழி மாற்றங்கள் குளத்தில் கல்லெறிந்தாற்போல ஒரு நடுவத்திலிருந்து அலையலையாகப் பரவுகின்றன, ஓர் அலையின் எல்லை இன்னோர் அலையின் எல்லையோடு பொருந்த வேண்டியதில்லை. பாடநூல்களில் இவ்விரண்டையும் அடுத்தடுத்த பத்திகளில் படித்துத் தேர்வெழுதிவிட்டு மறந்துவிடுகிறோம்.

மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு வரும் சாலையும், அதன் இருமருங்கிலும் உள்ள சிற்றூர்களும்.

கால்டுவெல்லின் ‘திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம்’ 1856இல் வெளிவந்தது. டார்வின் எலியட்டுக்குக் கடிதம் எழுதிய அதே ஆண்டு. அந்நூல், தமிழ் வழங்கும் எல்லையைக் கூறுமிடத்தில், மலைக்கு மேற்கே தென்திருவிதாங்கூரில் குமரிமுனையிலிருந்து திருவனந்தபுரத்தின் அண்மை வரை தமிழ் பேசப்படுகிறது என்கிறது. மலையாளத்தின் எல்லையை மங்களூரின் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வரை என்கிறது. இடையன்குடியில் இருந்து எழுதியவர், தெற்கிலிருந்து பார்த்திருக்கிறார். அவருடைய கோட்டின்படி பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ் வழங்கும் பகுதி. இன்றைய ஆட்சி எல்லையின்படி கேரளம். இரண்டும் கோடுகள்தாம். இடையிலுள்ள நூறாண்டுகளில் மக்கள் குடிபெயர்ந்து கோடு நகர்ந்ததா, அல்லது கோடு இழுக்கவே முடியாத ஓரிடத்தில் இருமுறை கோடு இழுக்கப்பட்டதா? இரண்டாவதே என் கருத்து.

இப்பகுதியின் பேச்சிலிருந்து சில சொற்கள். ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். மலையாளத்தின் பொதுச்சொல், பழந்தமிழிலும் உண்டு, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதித் தமிழிலும் ‘பறஞ்சான்’ என்று வழங்குகிறது. ‘சாடுதல்’ என்றால் குதித்தல். குடிநீர் ‘வெள்ளம்’. பலாவுக்குச் ‘சக்கை’. மலையாளச் செல்வாக்கு என்று சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் உடனே தீர்ப்புச் சொல்வார்கள். ஆனால் ‘பறை’ போன்ற சொற்களை வைத்து எதனையும் நிறுவ முடியாது. இரு மொழிகளுக்கும் பொதுவான முன்னை நிலையில் இருந்த சொல் ஓரிடத்தில் வழக்கொழிந்து ஈரிடத்தில் நிலைத்திருக்கலாம். உறவைக் காட்டுவது பொதுவாக எஞ்சியதன்று, பொதுவாகப் புதிதாகத் தோன்றியதே என்பது 1876இல் லெஸ்கீன் வகுத்துச்சொன்ன விதி.

புதிதாகத் தோன்றியதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் சோற்றுத் தட்டைப் பார்க்கலாம். தமிழகத்தின் பெரும்பகுதியில் மரவள்ளி, கொங்கில் குச்சிக்கிழங்கு. நடுக்கேரளத்தில் கப்பை, வடகேரளத்தில் பூளை. குமரி மாவட்டத்துத் தமிழரும் திருவனந்தபுரத்து மலையாளிகளும் ஒருமுகமாகச் சொல்வது ‘மரச்சீனி’. தென்னமெரிக்கச் செடி இது. போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. திருவிதாங்கூரில் இதனை ஏழைகளின் உணவாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் என்பர். தமிழும் மலையாளமும் வெவ்வேறு இலக்கிய மொழிகளாக நிலைபெற்றுப் பல நூற்றாண்டு கழித்து வந்த ஒரு செடி. ஆகவே அதன் பெயர் பொதுமூதாதையிடமிருந்து இருவருக்கும் வந்திருக்க இயலாது. மரத்தில் இச்சொல்லுக்கு இடமே இல்லை. இது அலை, மொழியெல்லை என்று ஒன்று இருப்பதாகவே அறியாமல் வயல்வழியாகவும் சந்தைவழியாகவும் நடந்துபோன அலை.

வினைமுற்றைக் கொண்டு இன்றும் ஒருவரைத் தமிழ் பேசுபவர், மலையாளம் பேசுபவர் என்று பிரித்துவிடலாம். ‘வந்தான்’, ‘வந்நு’ என்ற வேறுபாடு வலிமையானது. சொற்களின் கோடு அதற்கு வடக்கே ஓடுகிறது, சிலவற்றின் கோடு தெற்கே. ஒரே வீட்டில் பாட்டியிடம் ஒன்றும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் மற்றொன்றும் பேசுவது கள ஆய்வில் நாள்தோறும் காண்பது. ‘உங்கள் தாய்மொழி எது’ என்ற வினாவுக்கு ‘எதற்கு, சர்டிபிகேட்டுக்கா?’ என்ற மறுவினா வருவதும் உண்டு. மிகச் சரியான மறுவினா என்பேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற இடத்தில் ஒரு பெயருக்கே இடமுண்டு; அறிந்த பிற மொழிகள் இரண்டினைத் தனியே குறிக்கலாம். கணக்கெடுப்புத் தாளும் ஒரு மரம்தான்.

பாறசாலைக்குத் தெற்கே, முஞ்சிறைப் பக்கத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் கோயிலெடுத்து, 95 சட்டர்கள் பயிலச் சாலையும் அமைத்தான். அச்செப்பேட்டின் மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. இதனைக் காட்டி ‘அன்றே இது தமிழ் நிலம்’ என்று முழங்குவோர் உண்டு. அக்காலத்தில் கொடுங்கல்லூர்ப் பகுதியின் ஆவணங்களும் ஏறத்தாழ இதே மொழியில், இதே எழுத்தில்தான் இருக்கின்றன என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. பிரிவுக்கு முந்திய நிலையின் சான்றைப் பிரிந்த ஒரு கிளையின் உடைமைப் பத்திரமாகக் காட்ட முடியாது.

இங்கே மறுபடி புறாவுக்கு வருகிறேன். கால்டுவெல் மலையாளத்தைத் தமிழின் பழங்கிளை என்றார். தாய், மகள் என்ற பேச்சு அதிலிருந்து வேர்விட்டது. இன்றைய மொழியியல் தொல்தமிழ்–மலையாளம் என்று ஒரு பொதுநிலையைக் கொண்டு, மேற்குக்கரைக் கிளைவழக்குகள் அதிலிருந்து விலகிய முறையை விளக்குகிறது, 1972இல் ஏ. கோவிந்தன்குட்டி எழுதிய கட்டுரை இத்திசையில் முதன்மையானது. டார்வின் புறாக்களைக் கொண்டு செய்ததும் இதே வாதம்தான். விசிறிவால் புறாவிலிருந்து கரணப்புறா பிறந்தது என்று அவர் சொல்லவில்லை. இரண்டும் மாடப்புறாவிலிருந்து வந்தவை என்றார். மாடப்புறாவுக்கு மிக நெருக்கமாக ஓரினம் இன்றும் இருக்கலாம். அதனால் அது பிறவற்றின் தாயாகிவிடாது. மிகப் பழைய மொழியொன்று குறைவாகவும் பிறிதொன்று மிகுதியாகவும் மாறியிருக்கலாம் என்று 422ஆம் பக்கத்திலேயே அவர் எழுதிவிட்டார். தமிழ் குறைவாக மாறியது என்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து உரிமை கோருவது தாவல்.

1859 என்ற ஆண்டை இந்த ஊர்க்காரர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அவ்வாண்டு ஜூலை 26இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஆணையிட்டார். அதற்கு முன் நடந்த கலவரங்கள் இத்தென்வட்டங்களிலேயே நிகழ்ந்தன. பாறசாலையில் லண்டன் மிஷனுக்கு ஒரு நிலையம் இருந்தது; அங்கே பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் 22 ஆண்டு அனுபவங்களை 1870இல் நூலாக்கினார். நான்கு மாதம் கழித்து லண்டனில் வெளிவந்த நூலின் துணைத்தலைப்பிலோ ‘அனுகூலம் பெற்ற இனங்கள்’ என்ற தொடர் இருந்தது. டார்வினின் வழக்கில் ‘இனம்’ என்பது முட்டைக்கோசு வகைகளையும் குறிக்கும் சொல். பிற்காலத்தில் அத்தொடரை எடுத்தாண்டவர்கள் முட்டைக்கோசை நினைக்கவில்லை.

1956 நவம்பர் 1. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன, செங்கோட்டையின் ஒரு பகுதியும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. தேவிகுளம், பீருமேடு, சித்தூர் போல அதுவும் கேரளத்தில் நின்றது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மறுசீரமைப்பு ஆணையம் வட்டத்தை அலகாகக் கொண்டு எண்ணிற்று. பெரும்பாலும், பெரும்பான்மை எந்தப் பக்கமோ வட்டம் அந்தப் பக்கம். நிர்வாகத்துக்கு வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடிச் சிற்றூரும் விளவங்கோட்டின் வடகோடிச் சிற்றூரும் பேச்சில் தத்தம் தலைநகரைவிட ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. அவற்றுக்கிடையே மாநில எல்லை போயிற்று. ஒரு பக்கம் பள்ளியில் மலையாளம், மறுபக்கம் தமிழ். இரண்டு தலைமுறையில், அலையால் உருவான ஓரிடம் மெல்ல மரமாகி வருகிறது. முப்பது வயதுக்குக் கீழானவர்களின் ஒலிப்பதிவுகளையும் எழுபதுக்கு மேலானவர்களின் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது கிளை பிரிவது காதில் விழுகிறது. வரைபடத்தில் ஆயிரம் தலைமுறைக்கு ஒரு கிடைக்கோடு போட்டார் டார்வின். இங்கே அறுபது எழுபது ஆண்டுகள் போதுமாயிருக்கின்றன, ஏனெனில் பிரிப்பது இயற்கையன்று, பாடநூல் கழகம்.

முதற்பதிப்புகளைப் பற்றி ஒரு சொல். டார்வின் தம் நூலை ஆறு பதிப்புகளில் ஓயாமல் திருத்தினார். மோர்ஸ் பெக்கம் 1959இல் பாடவேறுபாட்டுப் பதிப்பு வெளியிட்டு எண்ணிச் சொன்னார்: முதற்பதிப்பின் 3,878 வாக்கியங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பின்னர் மாற்றப்பட்டன. 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பின் இறுதியில் ‘படைப்பாளியால்’ என்ற சொல் நுழைந்தது. ‘தகுதியுள்ளவை பிழைத்தல்’ என்ற புகழ்பெற்ற தொடர் 1869க்கு முன் நூலில் இல்லை. ‘எவல்யூஷன்’ என்ற பெயர்ச்சொல் 1872ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில்தான் வருகிறது. முதற்பதிப்பில் கடைசிச் சொல்லாக அதன் வினைவடிவம் மட்டும் நிற்கிறது. ஆறாம் பதிப்பின் மலிவு மறுஅச்சைப் படித்துவிட்டு 1859இல் டார்வின் இப்படிச் சொன்னார் என்று எழுதுவது, உரைகாரர் கூற்றை மூலத்தின் மேல் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

கால்டுவெல்லுக்கும் இதே கதி. நம் நூலகங்களில் பரவலாகக் கிடைப்பது, அவர் மறைந்த பின் 1913இல் வயட்டும் இராமகிருஷ்ண பிள்ளையும் பதிப்பித்த மூன்றாம் பதிப்பின் மறுஅச்சு. அதில், பறையர் திராவிடரே என்று அவர் 1875இல் வாதிட்ட பகுதி உள்ளிட்ட சில நீக்கப்பட்டுள்ளன. 2008இல் கவிதாசரண் வெளியீடு 1875ஆம் ஆண்டுப் பதிப்பை முழுமையாகக் கொண்டுவந்தது. அதற்கு முன் இரண்டு மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் கால்டுவெல் எழுதாமல் விட்டார் என்று நினைத்தவை, உண்மையில் பதிப்பாசிரியர்கள் விட்டவை.

ஆகவே எல்லைப்புற வழக்குகளில் ஆய்வு செய்யும் தம்பி தங்கையருக்கு: கால்டுவெல்லின் மொழியெல்லை வரிகளை மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று குறியுங்கள். 1856, 1875 இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் மின்வடிவில் கிடைக்கின்றன. டார்வினின் ஆறு பதிப்புகளும் அவ்வாறே. 20ஆம் பக்கத்தில் எலியட்டின் பெயரைப் பார்த்துவிட்டு 40ஆம் பக்கத்துக்குப் போங்கள். பிறகு பாறசாலைச் சந்தையில் மரச்சீனி விற்பவரிடம் விலை கேளுங்கள். அவர் எந்த மொழியில் பதில் சொல்கிறார் என்பது பெரும்பாலும் நீங்கள் எந்த மொழியில் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.